ஒளியியல் வடிவமைப்பு மென்பொருளில் ஃபைபர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லென்ஸ் வடிவமைப்பு நன்றாகத் தெரிந்தவர்கள்கூட, கடைசிப் பரப்புக்கு அப்பால் ஒரு ஃபைபர் வந்து உட்கார்ந்ததும் தடுமாறுகிறார்கள். வருகிற சந்தேகங்களும் பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மெனு, ஆபரண்ட் (மென்பொருளை ஒரு எண்ணைக் கணக்கிடச் சொல்லும் கட்டளை) பெயர்கள் வரும் இடங்களில் ஸீமேக்ஸ் ஆப்டிக்ஸ்டூடியோவை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கோட் வி, ஃபிரெட் என்று வேறு எதைப் பயன்படுத்தினாலும் கணக்கு மாறாது. சிங்கிள் மோட் எண்கள் எல்லாம், வேறு சொல்லாத வரை, எஸ்.எம்.எஃப்-28 வகை ஃபைபருக்கு 1550 நானோமீட்டரில் உள்ளவை.

1. ஃபைபரை மென்பொருளில் எப்படி வரைவது? அதற்கென்று தனி சர்ஃபேஸ் இருக்கிறதா?

பெரும்பாலான வேலைகளுக்கு ஃபைபரை வரையவே வேண்டாம். உங்கள் லென்ஸ் கணக்கு ஃபைபரின் முகத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் நடப்பது ஃபைபர் தயாரித்தவர் ஏற்கெனவே அளந்து டேட்டா ஷீட்டில் போட்டுவிட்ட விஷயம். 1550-ல் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல் இழப்பு என்றால், மேஜையில் கிடக்கும் 2 மீட்டர் பேட்ச் கார்டில் இழப்பதை எந்த மீட்டராலும் அளக்க முடியாது.

ஆகவே ஃபைபரின் முகத்தை ஒரு தளமாக வையுங்கள். அங்கே வந்து சேரும் ஒளியை ஃபைபர் ஏற்றுக்கொள்ளுமா, எவ்வளவு ஏற்றுக்கொள்ளும் என்பது மட்டுமே நீங்கள் விடை காண வேண்டிய கேள்வி. உருளை வரைந்து ரே விட வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. 12-ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

2. என்னிடம் இருப்பது சிங்கிள் மோடா, மல்டிமோடா? எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். மோட் என்பது ஃபைபருக்குள் மாறாமல் பயணிக்கக்கூடிய ஒளியின் வடிவம்; ஒன்று மட்டும் பயணித்தால் சிங்கிள் மோட், பல பயணித்தால் மல்டிமோட். மற்ற எல்லா முடிவுகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன. வி எண் என்று ஒன்று உண்டு: 2 × பை × கோரின் ஆரம் × என்.ஏ. ÷ அலைநீளம். கோர் என்பது ஒளி பயணிக்கும் நடுப்பகுதி, அதைச் சுற்றியிருப்பது கிளாடிங். என்.ஏ. (நியூமெரிக்கல் அப்பர்ச்சர்) என்பது ஒளிக் கூம்பின் அரைக்கோணத்தின் சைன். ஸ்டெப் இன்டெக்ஸ் (கோர் முழுக்க ஒரே ஒளிவிலகல் எண் உள்ள) ஃபைபரில் இது 2.405-க்குக் கீழே இருந்தால் ஒரே ஒரு மோட்தான் பயணிக்கும். வி பெரிதாக இருக்கும்போது, மோட்களின் எண்ணிக்கை தோராயமாக வி-யின் வர்க்கத்தில் பாதி. 200 மைக்ரான் கோர், 0.22 என்.ஏ. உள்ள ஃபைபரில் 633 நானோமீட்டர் ஒளிக்கு வி சுமார் 218. மோட்கள் ஏறக்குறைய 24,000.

இதில் அலைநீளமும் இருப்பதைக் கவனியுங்கள். 'சிங்கிள் மோட் ஃபைபர்' என்று டப்பாவில் எழுதியிருப்பது ஒரு குறிப்பிட்ட அலைநீள எல்லைக்கு மேல்தான் உண்மை. 1550-க்கான ஃபைபரில் சிவப்பு ஹீலியம்-நியான் லேசரை விட்டால் வி ஏறக்குறைய 4.9 ஆகிவிடும். அலைன்மென்ட்டுக்காகச் சிவப்பு ஒளியை விட்டுப் பார்ப்பவர்களுக்கு மறுமுனையில் இரண்டு, நான்கு இதழ்களாக ஒளி தெரிவது இதனால்தான். ஃபைபர் கெட்டுப்போகவில்லை.

3. ரே டிரேசிங் செய்தால் போதாதா? மோட், ஓவர்லாப் என்று எதற்குச் சிக்கல்?

24,000 மோட்கள் இருக்கும் இடத்தில் ரே போதும், நன்றாகவே போதும். ஒரே மோட் இருக்கும் இடத்தில் 'இந்தக் கோணத்தில் வந்த ரே உள்ளே போகும், அந்தக் கோணத்தில் வந்தது போகாது' என்ற பேச்சுக்கே பொருள் இல்லை. வந்து விழும் மின்புலத்தின் வடிவம், அளவு, கட்டம் (ஃபேஸ்) மூன்றும் அந்த மோடுக்கு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதே கப்ளிங்.

இரண்டுக்கும் நடுவில், ஐந்தாறு மோட்கள் மட்டும் உள்ள ஃபைபர்தான் தொல்லை. ரே கணக்கும் பொய் சொல்லும். ஒற்றைக் காஸியன் (மணி வடிவச் செறிவு) கணக்கும் பொய் சொல்லும். அங்கே ஒவ்வொரு மோடுக்கும் தனித்தனியாக ஓவர்லாப் கணக்கிட்டுக் கூட்டுவதே நேர்மையான வழி.

4. டேட்டா ஷீட்டில் என்.ஏ. 0.14 என்று இருக்கிறது. அதையே டைப் செய்துவிட்டேன். சரிதானே?

சரியில்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சிங்கிள் மோட் ஃபைபருக்கு டேட்டா ஷீட்டில் வரும் 0.14 என்பது, ஃபைபரிலிருந்து வெளிவரும் ஒளியின் செறிவு உச்சத்தின் 1 சதவீதமாகக் குறையும் கோணத்தில் அளந்தது. ஆப்டிக்ஸ்டூடியோவின் ஃபைபர் கப்ளிங் கணக்கு கேட்பது, செறிவு உச்சத்தின் 13.5 சதவீதமாகக் குறையும் கோணத்தின் சைன். பெயர் ஒன்றுதான், அளவுகோல் வேறு.

சரியான எண்ணை மோட் ஃபீல்டு விட்டத்திலிருந்து (ஃபைபரில் மோட் பரவியிருக்கும் அகலம்) எடுங்கள். 1550-ல் அது 10.4 மைக்ரான், ஆகவே ஆரம் 5.2. காஸியன் கற்றையின் விரிகோணம் = அலைநீளம் ÷ (பை × ஆரம்) = 1.55 ÷ (3.1416 × 5.2) = 0.095. இதுதான் நீங்கள் டைப் செய்ய வேண்டிய என்.ஏ. சந்தேகமிருந்தால் சரிபார்த்துக்கொள்ளலாம்: காஸியனில் 1 சதவீத எல்லை, 13.5 சதவீத எல்லையைப் போல 1.517 மடங்கு தள்ளி இருக்கும். 0.095 × 1.517 = 0.144. டேட்டா ஷீட் சொல்வது அதைத்தான்.

தவறான எண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும்? 0.14 என்று போட்டால், மென்பொருள் 3.5 மைக்ரான் ஆரமுள்ள ஒரு மோடைக் கற்பனை செய்துகொள்ளும். அதற்கு ஏற்ப ஆப்டிமைஸ் ஆன லென்ஸ், திரையில் 100 சதவீதம் காட்டும். நிஜ ஃபைபரில் அதே புள்ளி விழுந்தால் கிடைப்பது 86 சதவீதம். 0.64 டெசிபெல் எங்கே போனது என்று பிறகு மேஜையில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

5. ஃபைபரிலிருந்து வெளியே வரும் ஒளியை எப்படி சோர்ஸாக வைப்பது?

சிங்கிள் மோட் என்றால் எளிது. அச்சில் ஒரு புள்ளி, ஆப்ஜெக்ட் ஸ்பேஸ் என்.ஏ., அதன்மேல் காஸியன் அப்போடைசேஷன் (ஓரத்துக்குப் போகப் போகச் செறிவைக் குறைக்கும் அமைப்பு). என்.ஏ. 0.095 கொடுத்தால் அப்போடைசேஷன் எண் 1. ஆனால் அந்த எல்லையோடு நிறுத்திவிட்டால் கற்றையின் 13.5 சதவீத ஆற்றல் கணக்கிலேயே வராது. என்.ஏ.-வை இரட்டிப்பாக்கி 0.19 வைத்து, அப்போடைசேஷனை 4 ஆக்குங்கள். கற்றை மாறவில்லை, அதன் ஓரங்கள் மட்டும் இப்போது லென்ஸில் படுகின்றன. 11 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள காலிமேட்டரை வைத்தால் 2.1 மில்லிமீட்டர் கற்றை கிடைக்கும்.

மல்டிமோட் என்றால் புள்ளி போதாது. கோர் முழுவதும் பரவிய ஒரு வட்டம். அதன் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் என்.ஏ. அளவுக்கு ஒரு கூம்பு. சீக்வென்ஷியலில் (ரே பரப்புகளை வரிசைப்படி கடக்கும் முறை) மையம், விளிம்பு என இரண்டு மூன்று ஃபீல்டு வைத்தால் வடிவமைப்புக்குப் போதும். 'காலிமேட் செய்தும் கற்றை விரிகிறதே' என்று கேட்பவர்கள் இந்த வட்டத்தை மறந்தவர்கள். 200 மைக்ரான் கோரை 11 மில்லிமீட்டர் லென்ஸால் காலிமேட் செய்தால், ஆரம் 100 மைக்ரான் ÷ 11 மில்லிமீட்டர், அதாவது அரைக்கோணம் 9 மில்லிரேடியன் விரிவு இருந்தே தீரும்.

6. கப்ளிங் எஃபிஷியன்சியில் சிஸ்டம், ரிசீவர் என்று இரண்டு எண் வருகிறதே. எதைப் பார்ப்பது?

சிஸ்டம் எஃபிஷியன்சி என்பது கிளம்பிய ஆற்றலில் எவ்வளவு ஃபைபர் முகம் வரை வந்து சேர்ந்தது என்பது. ரிசீவர் எஃபிஷியன்சி என்பது வந்து சேர்ந்ததில் எவ்வளவு மோடோடு ஒத்துப்போனது என்பது. இரண்டையும் பெருக்கினால் மொத்தக் கப்ளிங்.

ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்? இரண்டு ஒரே மாதிரி ஃபைபர்கள், நடுவில் பிழையே இல்லாத லென்ஸ்கள், லென்ஸின் அரை விட்டம் மட்டும் கற்றையின் ஆரத்துக்குச் சமம் என்று வையுங்கள். விளிம்பில் வெட்டுப்பட்டது போக 86.5 சதவீதம் மறுமுனைக்குப் போகிறது. அத்தோடு போவதில்லை, வெட்டுப்பட்ட கற்றை இனி காஸியன் இல்லை என்பதால் அதில் மறுபடியும் 86.5 சதவீதமே மோடில் நுழைகிறது. மொத்தம் 75 சதவீதம். லென்ஸை ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால் 97.8 சதவீதமாகிவிடும். காலிமேட்டர் லென்ஸைச் சிக்கனமாக வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுவது வழக்கம்.

7. ஸ்பாட் கோரைவிடச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் கப்ளிங் குறைகிறது. ஏன்?

கோர் ஓட்டையாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. சிங்கிள் மோடில் அது ஓட்டை இல்லை. ஸ்பாட் மோடைவிடப் பெரிதானால் எவ்வளவு நஷ்டமோ, அதே விகிதத்தில் சிறிதானாலும் அவ்வளவு நஷ்டம். பாதி அளவுக்குக் குவித்தால் 64 சதவீதம். இரு மடங்கு பெரிதாக விட்டாலும் 64 சதவீதமே.

அப்புறம், ஆர்.எம்.எஸ். ஸ்பாட் என்று ரே வரைபடம் தரும் எண்ணை இங்கே பார்க்கவே வேண்டாம். டிஃப்ராக்ஷனை அறியாத எண் அது, 0.3 மைக்ரான் என்று காட்டிவிட்டு நிற்கும்.

8. எஃப்.ஐ.சி.எல். ஒரு எண் தருகிறது, பி.ஓ.பி. வேறு எண் தருகிறது. எதை நம்புவது?

எஃப்.ஐ.சி.எல். ஆபரண்ட், ரே மூலம் கிடைத்த அலைமுகத்தை எடுத்து மோடோடு ஒப்பிடுகிறது. வழியில் கற்றை எங்கும் வெட்டுப்படவில்லை, நீண்ட தூரம் பயணித்து டிஃப்ராக்ஷனால் வடிவம் மாறவில்லை என்றால் அது சரியான விடை, வேகமான விடையும்கூட. பி.ஓ.பி. (ஃபிசிக்கல் ஆப்டிக்ஸ் ப்ராபகேஷன்) அலையையே பரப்பு பரப்பாக நகர்த்துகிறது. வெட்டுப்படுதல், பின்ஹோல், மீட்டர் கணக்கான இடைவெளி இருந்தால் அதுதான் சரி, ஆனால் வலைப்புள்ளிகள் போதாவிட்டால் அதுவும் அழகாகப் பொய் சொல்லும்.

வழக்கம் இதுதான்: பி.ஓ.பி.-யில் வலைப்புள்ளிகளை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். விடை நகர்ந்தால் இன்னும் நம்பாதீர்கள். நகரவில்லை, எஃப்.ஐ.சி.எல்.-உம் அதே எண்ணைச் சொல்கிறது என்றால் எஃப்.ஐ.சி.எல்.-ஐ மெரிட் ஃபங்ஷனில் போட்டு ஆப்டிமைஸ் செய்யுங்கள், கடைசியில் ஒரு முறை பி.ஓ.பி.-யில் சரிபாருங்கள். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால், இரண்டிலும் ஒரே மோடைத்தான் கொடுத்தீர்களா என்று பாருங்கள். ஒன்று என்.ஏ. கேட்கும், மற்றது ஆரம் கேட்கும். 4-ஆம் கேள்வியின் குழப்பம் இங்கேதான் வெளிப்படும்.

9. டாலரன்ஸ் எவ்வளவு வைக்கலாம்? மெக்கானிக்கல் ஆட்கள் கேட்கிறார்கள்.

ஃபைபர் முகத்தில் 1 மைக்ரான் பக்கவாட்டில் விலகினால் 0.16 டெசிபெல். 2 மைக்ரான் என்றால் 0.64, இழப்பு விலகலின் வர்க்கமாக ஏறும். 1 டிகிரி சாய்ந்தால் 0.15 டெசிபெல். குவியத்திலிருந்து 50 மைக்ரான் முன்னே பின்னே போனால் 0.8 டெசிபெல். அதாவது பக்கவாட்டு விலகல்தான் உயிரை எடுக்கும். சாய்வும் குவியமும் அவ்வளவு கறார் இல்லை.

காலிமேட் ஆன பகுதியில் எல்லாம் தலைகீழ். அங்கே கற்றை 2 மில்லிமீட்டர் அகலம் என்பதால் 50 மைக்ரான் நகர்ந்தாலும் பிரச்சினை இல்லை. கோணம்தான் கொல்லும்: 11 மில்லிமீட்டர் லென்ஸில் வெறும் 0.01 டிகிரி சாய்ந்து வந்தால் குவியம் 1.9 மைக்ரான் நகர்ந்து 0.6 டெசிபெல் போய்விடும். ஆகவே 'மொத்தமாக எவ்வளவு' என்று ஒரே எண்ணைக் கொடுக்காதீர்கள். எந்தப் பாகம், எந்தத் திசை என்று பிரித்துக் கொடுங்கள். நகர்த்திச் சரிசெய்யக்கூடிய பாகத்தை டாலரன்ஸ் கணக்கில் காம்பன்சேட்டராகப் போட மறந்தால் மென்பொருள் காரணமில்லாமல் பயமுறுத்தும்.

10. முகத்தில் எதிரொளிப்பு இழப்பை மென்பொருள் கணக்கில் எடுத்துக்கொள்கிறதா? ஏ.பி.சி. கனெக்டர் என்றால் என்ன செய்வது?

நீங்கள் சொன்னால் எடுத்துக்கொள்ளும். போலரைசேஷனை இயக்காவிட்டால் எந்தப் பரப்பிலும் எதிரொளிப்பு இழப்பு சேராது. கோட்டிங் இல்லாத ஃபைபர் முகத்தில் ஒரு பரப்புக்கு 3.5 சதவீதத்துக்குச் சற்று மேல் போகும்.

ஏ.பி.சி. (ஆங்கிள்டு ஃபிசிக்கல் கான்டாக்ட்) கனெக்டரின் முகம் 8 டிகிரி சரிவாகத் தேய்க்கப்பட்டது. திரும்பும் ஒளி ஃபைபர் அச்சோடு 16 டிகிரியில் போவதால் மோடில் அடங்காமல் கிளாடிங்குக்குப் போய்விடும். ஆனால் காற்றில் வெளிவரும் ஒளி முகத்துக்குச் செங்குத்திலிருந்து 11.8 டிகிரியில் விலகும், அதாவது ஃபைபர் அச்சிலிருந்து 3.8 டிகிரி. மாடலில் இந்த 3.8-ஐ டில்ட்டாகச் சேர்க்காமல் விட்டால், ஹோல்டரைச் செய்த பிறகு கற்றை லென்ஸின் ஓரத்தில் வந்து விழும். 11 மில்லிமீட்டர் தூரத்தில் அது 0.7 மில்லிமீட்டர்.

11. மல்டிமோடுக்குக் கப்ளிங் எப்படிக் கணக்கிடுவது? டிடெக்டர் வைத்தேன், 98 சதவீதம் வருகிறது.

கோர் அளவுக்கு ஒரு டிடெக்டரை வைத்திருப்பீர்கள். அது இடத்தை மட்டும் பார்க்கிறது, கோணத்தைப் பார்ப்பதில்லை. கோருக்குள் விழ வேண்டும், என்.ஏ. கூம்புக்குள்ளும் விழ வேண்டும். இரண்டும் பொருந்திய ரே மட்டுமே கணக்கு. சீக்வென்ஷியலில் ஐ.எம்.ஏ.இ. ஆபரண்ட் அல்லது ஜியோமெட்ரிக் இமேஜ் அனாலிசிஸில் என்.ஏ. வரம்பைப் போட இடம் இருக்கிறது. பூஜ்யமாக விட்டால் வரம்பே இல்லை என்று பொருள்.

இந்த இடத்தில் டேட்டா ஷீட்டின் என்.ஏ.-வை அப்படியே போடலாம். 4-ஆம் கேள்வியின் எச்சரிக்கை சிங்கிள் மோடுக்கு.

12. நான்-சீக்வென்ஷியலில் கோர், கிளாடிங் இரண்டு உருளையும் வரைந்தேன். ரே பாதி வழியில் நின்றுவிடுகிறது.

0.22 என்.ஏ. ஓரத்தில் நுழையும் ரே 200 மைக்ரான் கோரில் ஒரு மீட்டர் போவதற்குள் 760 தடவைக்கு மேல் சுவரில் மோதுகிறது. ரே ஒன்றுக்கு இத்தனை செக்மென்ட், இத்தனை இன்டர்செக்ஷன் என்று மென்பொருளில் வரம்பு உண்டு. அதை எட்டியதும் ரே அங்கேயே கைவிடப்படும். வரம்பை ஏற்றுங்கள், அல்லது ஃபைபரைச் சில சென்டிமீட்டராகச் சுருக்குங்கள். நேரான ஃபைபரில் ஒரு மீட்டர் சொல்லும் செய்தியை ஐந்து சென்டிமீட்டரும் சொல்லிவிடும். ரே ஸ்பிளிட்டிங்கை அணைத்து வையுங்கள்.

பொருள்களின் வரிசையும் முக்கியம். இரண்டு பொருள்கள் ஒரே இடத்தைப் பிடித்தால் பட்டியலில் பின்னால் வருவதே அந்த இடத்துக்குச் சொந்தக்காரர். முதலில் கிளாடிங், அடுத்து கோர். மாற்றிப் போட்டால் கோரே இல்லாத கண்ணாடிக் கம்பிதான் மிஞ்சும்.

இன்னொரு பொறி: கிளாடிங்குக்கு வெளியே காற்றை விட்டால், கோர் ஏற்காத ரே எல்லாம் கிளாடிங்-காற்று எல்லையில் முழு அகப் பிரதிபலிப்பு அடையும். முன்முகம் வழியே நுழைந்த எதுவும் பக்கவாட்டில் தப்ப முடியாது. மறுமுனையில் 96 சதவீதம் காட்டும், நீங்களும் மகிழ்ந்துபோவீர்கள். நிஜத்தில் அதன்மேல் இருக்கும் பிளாஸ்டிக் பூச்சு அந்த ஒளியைக் குடித்துவிடும். கிளாடிங்கின் வெளிச்சுவரை உறிஞ்சும் பரப்பாக்கிவிடுங்கள்.

13. எல்.இ.டி. ஒளியை 200 மைக்ரான் ஃபைபரில் நுழைக்க எந்த லென்ஸ் நல்லது?

எதுவும் இல்லை. மரக்கால் நெல்லை உழக்கில் அள்ளும் கதை இது. அள்ளும் விதத்தை மாற்றிப் பயனில்லை. ஒளி மூலத்தின் பரப்பையும் கோணப் பரவலையும் பெருக்கினால் வருவதை எட்டன்டூ என்பார்கள். லென்ஸால் பரப்பைக் குறைத்தால் கோணம் ஏறும், கோணத்தைக் குறைத்தால் பரப்பு ஏறும். பெருக்கலைக் குறைக்க எந்த லென்ஸாலும் ஆகாது.

1 மில்லிமீட்டர் சதுர எல்.இ.டி., எல்லாத் திசையிலும் பரவும் லாம்பர்ட் மூலம். ஃபைபரின் பரப்பு 0.0314 சதுர மில்லிமீட்டர்; அதை என்.ஏ.-வின் வர்க்கமான 0.0484-ஆல் பெருக்கினால் 0.0015. அதாவது மிகச் சிறந்த லென்ஸை வைத்தாலும் 0.15 சதவீதம்தான் நுழையும். இந்த ஒரு வரிக் கணக்கை மென்பொருளைத் திறக்கும் முன்பே போட்டுவிட்டால் ஒரு வாரம் மிச்சம். பெரிய கோர், அதிக என்.ஏ., இல்லையென்றால் சிறிய, பிரகாசமான மூலம் என்று மூன்றே வழிகள்.

14. ஃபைபரை வளைத்தால்?

மல்டிமோட் என்றால் டோரஸ் வால்யூம் வைத்து வளைவைக் காட்டலாம். வளைவில் எந்த ரே கோணம் தாண்டித் தப்புகிறது என்று நன்றாகவே தெரியும். சிங்கிள் மோடின் வளைவு இழப்பை ரே கணக்கு எட்டாது. அதற்கு மோட் சால்வர் உள்ள வேறு மென்பொருள் வேண்டும், அல்லது தயாரிப்பாளர் தரும் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். வளைவைத் தாங்கும் ஃபைபர்களுக்கென்றே ஐ.டி.யு.-வின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) ஜி.657 தரநிலை இருக்கிறது. ஏ1 வகை 10 மில்லிமீட்டர் ஆரம் வரை, ஏ2 வகை 7.5 மில்லிமீட்டர் வரை.

15. கிரேடட் இன்டெக்ஸ் ஃபைபரை எப்படி வைப்பது?

11-ஆம் பதிலில் சொன்னதில் ஒரே மாற்றம்: என்.ஏ. கோர் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. மையத்தில் முழு அளவு, ஓரத்துக்குப் போகப் போகக் குறைந்து விளிம்பில் பூஜ்யம். அதனால் அதே கோர், அதே என்.ஏ. உள்ள ஸ்டெப் இன்டெக்ஸ் ஃபைபரைப் போலப் பாதி ஒளியையே அது ஏற்கும். ரே உள்ளே நெளிந்து போவதைப் பார்க்க வேண்டுமென்றால் கிரேடியன்ட் பொருளை வைக்கலாம். படி அளவைச் சிறிதாக வைக்காவிட்டால் ரே தடம் மாறும்.

16. உள்ளே எஃப்/8 கற்றையை அனுப்பினேன். வெளியேயும் எஃப்/8-தானே வரும்?

மென்பொருள் உருளையில் அப்படித்தான் வரும். நிஜத்தில் வராது. நுண்ணிய வளைவுகள், கனெக்டரில் ஒட்டும்போது ஏற்படும் அழுத்தம் இவற்றால் கூம்பு கொஞ்சம் அகன்று வரும். வானியல்காரர்கள் இதைக் குவிய விகிதச் சிதைவு என்பார்கள். மெதுவான (எஃப் எண் பெரிதான, கூம்பு குறுகலான) கற்றைக்குத்தான் பாதிப்பு அதிகம். அதனால் ஃபைபருக்கு எஃப்/3, எஃப்/4 போன்ற வேகமான கற்றையை அனுப்புவது வழக்கம். நம்ம காவலூரில் உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் முதன்மைக் குவியம் எஃப்/3.25. அங்கிருந்து எஷெல் நிறமாலைமானிக்கு ஒளி ஃபைபர் வழியேதான் போகிறது.

மாடலில் இதை அடிப்படையிலிருந்து வருவிக்க முயலாதீர்கள். உங்கள் ஃபைபரில் அளந்து, வெளிமுனையின் சோர்ஸ் கூம்பை அந்த அளவுக்கு அகலமாக்கி, அடுத்த லென்ஸை அதற்கேற்ப வடிவமையுங்கள். இடப்பரவலிலும் இதே போல ஒரு நுணுக்கம் உண்டு: வட்டக் கோர் ஒளியைச் சுற்றுவாக்கில் நன்றாகக் கலக்கும், மையத்திலிருந்து விளிம்பு நோக்கி அவ்வளவாகக் கலக்காது. ஆரத்திசைவேகத்தைத் துல்லியமாக அளக்கும் கருவிகளில் எண்கோணக் கோர் புகுந்தது இதற்காகத்தான்.

17. ஃபைபர் கட்டில் எவ்வளவு ஒளி போகும்?

வட்டங்களை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் 91 சதவீத இடத்தைத்தான் நிரப்ப முடியும். அதிலும் கோர் மட்டுமே பயன். 200 மைக்ரான் கோர், 220 மைக்ரான் கிளாடிங் என்றால் 91-இல் 83 சதவீதம், ஆக 75. இதற்கு மேல் என்.ஏ. கணக்கு தனி. (பிம்பத்தைக் கடத்தும் ஃபைபர் கட்டை 1954-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் செய்து காட்டிய ஹெரால்டு ஹாப்கின்ஸ் ஒரு லென்ஸ் வடிவமைப்பாளர். அவருடைய மாணவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. லென்ஸ்காரர்களுக்கு ஃபைபர் அந்நியம் என்று சொல்பவர்களுக்காக இந்தச் செய்தி.)

18. மல்டிமோட் ஃபைபரில் லேசரை விட்டால் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறது. மாடலில் வழவழப்பாக இருக்கிறதே?

பொட்டுகள் ஸ்பெக்கிள், ஆயிரக்கணக்கான மோட்கள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு வருவது. ரே கணக்கு கட்டத்தை மறந்துவிட்டு ஆற்றலை மட்டும் கூட்டுவதால் அது தெரியாது. சராசரி வடிவம் போதுமென்றால் மாடல் சரி. ஸ்பெக்கிளே உங்கள் பிரச்சினை என்றால் ரே மாடல் உதவாது.

19. நீங்கள் சொன்ன வி எண்ணை 0.14 வைத்து 1310-ல் போட்டேன். 2.75 வருகிறது. அப்படியானால் அந்த ஃபைபர் 1310-ல் சிங்கிள் மோட் இல்லையா?

நல்ல கேள்வி, 2-ஐயும் 4-ஐயும் சேர்த்துப் படித்தவரால்தான் இதைக் கேட்க முடியும். வி எண்ணுக்குள் போக வேண்டியது மூன்றாவது ஒரு என்.ஏ.: கோர், கிளாடிங் ஒளிவிலகல் எண்களின் வர்க்க வித்தியாசத்தின் வர்க்கமூலம். இந்த ஃபைபரில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.36 சதவீதம், அதிலிருந்து வருவது 0.12. அதை வைத்தால் 1310-ல் வி 2.36, எல்லைக்குக் கீழே. சிங்கிள் மோட்தான்.

இதை இன்னொரு பக்கத்திலிருந்தும் சோதிக்கலாம். வி-யிலிருந்து மோட் ஆரத்தைக் கணிக்க மார்க்யூஸ் என்ற ஆய்வாளர் 1977-ல் தந்த சூத்திரம்: கோர் ஆரம் × (0.65 + 1.619 ÷ வி-யின் 1.5 அடுக்கு + 2.879 ÷ வி-யின் 6-ஆம் அடுக்கு). 1550-ல் வி 1.99, கோர் ஆரம் 4.1 மைக்ரான். விடை 5.2 மைக்ரான், விட்டம் 10.4. டேட்டா ஷீட்டில் உள்ள எண் அதே. ஆக ஒரே ஃபைபருக்கு 0.095, 0.12, 0.14 என்று மூன்று என்.ஏ.; மூன்றும் சரி, போட வேண்டிய இடம் வேறு வேறு.

20. மென்பொருள் 92 சதவீதம் சொல்கிறது. மேஜையில் 60-ஐத் தாண்டவில்லை. எங்கே தேடுவது?

முதலில் உங்கள் லேசரைச் சந்தேகியுங்கள். எட்ஜ் எமிட்டிங் டயோடு என்றால் கற்றை நீள்வட்டம். 3:1 நீள்வட்டத்தை எவ்வளவு சரியாகக் குவித்தாலும் வட்ட மோடில் 75 சதவீதத்துக்கு மேல் போகாது. மாடலில் வட்டக் காஸியனை வைத்திருந்தால் 25 சதவீதம் அங்கேயே போய்விட்டது. அடுத்து, போலரைசேஷன் அணைந்திருந்ததா, கோட்டிங் போட்டீர்களா (10-ஆம் கேள்வி). அடுத்து, ஃபைபர் முகத்தை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். 10 மைக்ரான் மோடின் நடுவில் ஒரு தூசி போதும். இத்தனைக்கும் அப்புறம்தான் லென்ஸ் பிழையும் அலைன்மென்ட்டும்.

தலைகீழாகவும் வருவார்கள்: 'மாடல் 70 சொல்கிறது, மேஜையில் 85 வருகிறது!' ஃபைபர் எவ்வளவு நீளம் என்று கேட்டால் அரை மீட்டர் என்பார்கள். மோடில் நுழையாத ஒளி கிளாடிங்கில் நுழைந்து, குட்டை ஃபைபரில் மறுமுனை வரை வந்து பவர் மீட்டரில் விழுகிறது. பூச்சை உரித்த இடத்தில் ஒளிவிலகல் எண் அதிகமுள்ள ஜெல் ஒரு சொட்டு வைத்துவிட்டோ, சில மீட்டர் நீள ஃபைபரை மாற்றியோ அளந்து பாருங்கள்; எண் இறங்கும்.